திருவுளச் சீட்டில் விழுந்த பரிசு

என் கையெழுத்து நல்லது. சட்டத்தரணியான உங்களிடம் எழுதுவினைஞராக இருந்த பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய ஒரு மனுவும் நீதிமன்றத்திலிருந்து திரும்பி வரவில்லை. கிறிஸ்ரியின் பிணை மனு நீதிமன்றத்துக்குப் போகவே இல்லையாமே, ஏன் என்று நேற்றுக் கேட்டீர்கள், ஐயா. அதற்கு எழுத்திலேயே பதில் தருகிறேன். வாயால் சொன்னால் இடையில் மறிப்பீர்கள்.

கிறிஸ்ரி என் மனைவி றோஸ்மேரியின் தம்பி. நாயாற்றில் என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். கைபேசியில் விளையாடும் பொது அறிவுப் போட்டியை அவன்தான் செய்தான். ஆனால் முந்நூறு கேள்விகளும் நான் எழுதியவை, விதிகளும் நான் எழுதியவை. சேர்வதற்கு நூறு ரூபாய், பரிசு ஐம்பதாயிரம் என்று அவன் சொன்னபோது நானே எச்சரித்தேன்.

"மச்சான், கட்டணமும் காசுப் பரிசும் இருக்கிற இடத்தில அதிர்ஷ்டத்தை மட்டும் உள்ளுக்கு விட்டிடாத. அறிவால வெண்டால் போட்டி. அதிர்ஷ்டத்தால வெண்டால் சூது."

புள்ளிகள் சமமாக வந்தால் இன்னுமொரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஏழாம் விதியில் எழுதியும் வைத்தேன். அவன் அதை வாசித்தானோ தெரியாது. என்னை நம்பினான்.

கோயில் திருநாளன்று போட்டியைத் தொடக்கி வைத்தார்கள். கிறிஸ்ரி ஒலிவாங்கியைப் பிடித்து, கனடாவிலிருந்து காசு அனுப்பியவருக்கு நன்றி சொன்னான், பங்குச் சுவாமிக்குச் சொன்னான், பந்தல் போட்டவனுக்கும் சொன்னான். நான் புதுச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தேன். கூப்பிட்டால் எழும்புவதற்கு வசதியாகக் கதிரையைக்கூடக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தேன். என் பெயர் வரவில்லை. வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மாத முடிவில் கோயில் வளவில் வைத்த கடைசிச் சுற்றில் மூன்று பேர் சமமாக வந்தார்கள். கிறிஸ்ரி என்னிடம் ஓடி வந்தான்.

"அத்தான், மூண்டு பேருக்கும் ஒரே புள்ளி. சனம் பாத்துக்கொண்டு நிக்குது. என்ன செய்யிறது?"

ஏழாம் விதி எனக்கு நினைவிருந்தது.

"திருவுளச் சீட்டுப் போடன்," என்றேன். "கரைவலையை ஆர் முதல் இறக்கிறது எண்டு அப்பிடித்தானே பாக்கிறம். ஆரும் வாய் திறக்க மாட்டினம்."

அவன் முகம் தெளிந்தது. எங்கள் கரையில் சீட்டில் விழுந்ததைக் கடவுள் தந்ததாகத்தான் எடுப்பார்கள். சூது என்று யாருக்கும் தோன்றாது. றோஸ்மேரி கண்ணை மூடிச் சீட்டை எடுத்தாள். அவ்வளவும் முகநூலில் நேரடியாகப் போனது.

அடுத்த திங்களன்று பெயர் போடாமல் பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். கட்டணம், பரிசு, சீட்டு மூன்றையும் காட்டி, காணொளி இருக்கும் இடத்தையும் குறிப்பிட்டேன். என் கையெழுத்தை எல்லோருக்கும் தெரியும் என்பதால் தட்டச்சில் எழுதினேன். கிறிஸ்ரி விளக்கமறியலுக்குப் போனான். "என்ர கையாலதானே எடுத்தனான்" என்று றோஸ்மேரி அழுதாள். உன்னில் பிழை இல்லை என்று நான்தான் தேற்றினேன்.

பிணை மனுவில் நீங்கள் ஒப்பமிட்டுத் தந்தீர்கள். போட்டாயிற்று என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். கிழமைதோறும் அவனைப் பார்க்கப் போனேன். "அத்தான், உங்கட பேரை விட்டிட்டன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே மனுவைக் கொடுத்திருப்பேன். அவனோ, "டிலுசாவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னான்.

டிலுசா அவன் மனைவி. ஏழு மாதம். யோசனையில் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். பிள்ளை முந்திப் பிறந்து அன்றே போய்விட்டது. தகப்பன் உள்ளே இருந்ததால் பெட்டியைச் சேமக்காலைக்கு நான்தான் தூக்கிப் போனேன். பாரமே இல்லை. பை அப்போதும் என் தோளில்தான் இருந்தது, மனுவும் அதற்குள் இருந்தது.

மனுவை இத்துடன் இணைத்திருக்கிறேன். கசங்கவில்லை. ஒரே ஒரு தரம் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இருந்திருக்கும். கிறிஸ்ரி வெளியே வந்ததும் அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.