பின்னறைக்குப் போன வயர்

மணி ஏழு இருக்கும். மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே போகிற மண் ரோடு... இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, ஒரு விளக்கு கிடையாது. தனியாக வண்டியில் போகிறான் கன்னியப்பன். நம் முருகையனுக்குச் சொந்த மச்சான். நம்பாதவர்கள் முருகையனையே கேளுங்கள், இதோ உட்கார்ந்திருக்கிறான். நடந்தது இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம்.

கன்னியப்பன் டிஷ் மெக்கானிக். கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். வயரைச் சீவக் கத்தி எடுக்க மாட்டான். பல்லால் கடித்து, இழுத்து, துப்புவான். வீட்டில் இன்னும் பல் முளைக்காத ஏழு மாதக் குழந்தை, நிவேதா. அவன் உயிரே அதுதான்.

"கண்டதைக் கடிச்ச வாயோட புள்ளைக்கு முத்தம் குடுக்காதீங்க" என்று மனைவி மலர்கொடி தலையில் அடித்துக்கொள்வாள். கேட்டால்தானே? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அன்று போனது உப்பள முதலாளி வெங்கடாசலம் வீட்டுக்கு. தினமும் ஏழரை ஆனால் ஹால் டி.வி.யில் பாதி சானல் போய்விடுகிறதாம். பகலில் இரண்டு முறை வந்து பார்த்தும் பழுது கிடைக்கவில்லை. அதனால் அந்த நேரத்துக்கே வரச் சொன்னார்கள்.

ஏழரை... சடக். சீரியல் போய்விட்டது.

டி.வி.யோடு மாட்டியிருந்த செட்டாப் பாக்ஸைப் பார்த்தான். மாடியேறி டிஷ்ஷைப் பார்த்தான். எல்லாம் சரி. அவனுக்குத் தெரிந்து இப்படி ஆவது ஒரே ஒரு காரணத்தால்தான். ஒரு டிஷ்ஷில் இரண்டு பாக்ஸ் மாட்டியிருந்தால், அங்கே ஒருவர் சானலை மாற்றும்போது இங்கே பாதி போய்விடும்.

"இன்னொரு பாக்ஸ் எங்கங்க இருக்குது?"

இல்லவே இல்லை என்றார் வெங்கடாசலம். ஆனால் டிஷ்ஷிலிருந்து இறங்கிய வயர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பூட்டிக் கிடந்த பின்னறைக்குள் போனது.

சாவி கொண்டுவந்த வேலைக்காரி அஞ்சம்மாள்தான் மெதுவாகச் சொன்னாள். முதலாளியின் அப்பா, கை கால் விழுந்து அங்கேதான் கிடந்தாராம். அவர் பார்க்க ஒரு பாக்ஸ் இருந்ததாம். அவர் வேறு சானல் வைத்தால் ஹாலில் சீரியல் போகிறது என்று அதைக் கழற்றிவிட்டார்களாம்.

"அப்புறம் யாரும் உள்ள போவல. நான் சன்னல்ல எட்டிப் பாத்தா, அந்த வயரை வாயில வச்சி சப்பிக்கினே கெடந்தாரு. பொங்கலுக்கு முன்ன போய்ட்டாரு."

கதவைத் திறந்தான். நாற்றம்... மூத்திரம், சீழ், ஊறிப்போன புகையிலை. மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தான். பெற்ற தகப்பனை இப்படிப் போட்டார்களே, த்தூ!

உள்ளே வெறும் கட்டில். டி.வி. இல்லை, பாக்ஸ் இல்லை. தலைமாட்டில் வயர் முனை மட்டும் தொங்குகிறது.

அதை வெட்டி எறிந்தால் தீர்ந்தது. ஒரு கையில் டார்ச். மறு கை, பழக்க தோஷம், வயரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. கடித்தான்.

ஈரம். வெதுவெதுப்பு. கொழகொழவென்று புகையிலை எச்சில்.

துப்பித் துப்பி வாந்தியே எடுத்துவிட்டான். டார்ச்சைத் திருப்பினால்... வயர் முனை முழுக்கப் பல் தடம். நடுவில் ஒரு பல் இல்லாத இடைவெளி. எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டிங் பிளேயரால் வெட்டிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஹாலில் சீரியல் வந்துவிட்டது. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் ஏழு முறை வாய் கொப்பளித்தான். குழந்தையைத் தொடவே இல்லை. ஆனால் அவன் படுத்ததும் அது தவழ்ந்து வந்து, அவன் வாயில் தன் வாயை வைத்துவிட்டது.

மறுநாள் ஏழரை. நிவேதாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மலர்கொடி துள்ளினாள்.

"ஏங்க, புள்ள கடிச்சிட்டா பாருங்க."

பார்த்தான். தோளில் அகலமான பல் வரிசை... நடுவில் ஒரு பல் இல்லை.

குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினான். வெறும் ஈறு, வழவழவென்று. விரலை வெளியே எடுத்தான்.

புகையிலை நாறியது.