ஞாயிற்றுக்கிழமை சாட்சி

செங்கல்பட்டு ரயிலில், தாம்பரம் மேம்பாலப் படியேறி வந்த ஓர் அக்காவின் இரைப்பு வண்டலூர் தாண்டியும் அடங்கவில்லை. கூட வந்த இளையவள் சொன்னாள்:

“கேன்சர்தான் போயிடுச்சேக்கா. ஞாயித்துக்கிழமை சபைல சாட்சி சொல்லுங்க. பாஸ்டர் கேட்டாரு.”

“சொல்றேன். கீமோ மருந்து என் லங்ஸைக் கெடுத்ததையும் சேத்துச் சொல்றேன்.”

“அது எதுக்குக்கா அங்க?”

“ஒவ்வொரு தடவையும் டாக்டருங்ககிட்ட இருமல்னு சொன்னேன். சளின்னு சிரப் குடுத்து அனுப்புனாங்க. இந்த மருந்து லங்ஸைப் பிடிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்டி. எனக்குத்தான் யாரும் சொல்லல.”

“ஸ்தோத்திரம் சொல்ற இடம்க்கா அது.”

“உயிரோட இருக்கேன், அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா அடுத்து கீமோ போறவ ஒருத்தி அங்க உக்காந்திருப்பா. அவளுக்கு யாரு சொல்லுவா?”

அக்கா காற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டார்.

“மைக்கை மட்டும் வாய்கிட்ட பிடிக்கச் சொல்லு.”