சிட்டுக்கு வேண்டாத மருந்து

— ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்து தம்பி. ஆஸ்பத்திரி மருந்து பூரா சூடாயிடும்.

— சாத்துறேங்க்கா. ரெண்டு பாட்டில் எடுத்துக்கிட்டுச் சாத்துறேன்.

— நரம்புல ஏத்துற இம்யூனோகுளோபுலினா? யாருக்கு?

— சிட்டுக்கு.

— ஓ. டாக்டர் சார் வரலையா, சிட்டு அப்பாதான் வந்திருக்காரா?

— கிண்டல் பண்ணாதக்கா. ரத்தத்துல பிளேட்லெட் இன்னும் இறங்கியிருக்கு. கால் முழுக்க நீலம் நீலமா கன்னிப்போய்க் கிடக்கு, பாக்க முடியல.

— மூக்குல, ஈறுல ரத்தம் கசியுதா?

— இல்ல.

— சாப்பிடுறாளா?

— ம். கட்டில்ல குதிக்காதன்னா என்னையே முறைக்கிறா.

— உங்க பெரிய டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

— பொறுத்துப் பாக்கலாம்னாங்க.

— அப்புறம் என்ன ராசா? ஊரான் பிள்ளைன்னா நீ என்ன சொல்லுவ?

— காய்ச்சலுக்கு அப்புறம் சில குழந்தைக்கு இப்படி ஆகும், பிளேட்லெட் தானா ஏறிடும், ரத்தம் கசிஞ்சாதான் மருந்து, அடிபடாம பாத்துக்கங்கன்னு சொல்லுவேன்.

— நல்லாத்தான் ஒப்பிக்கிற. இதை ஏத்தினா தலைவலியும் வாந்தியும் வரலாம். தலை வலிக்குதுன்னு அவ அழுதா, மூளையில கசிவோன்னு நீயே ஸ்கேனுக்குத் தூக்கிட்டு ஓடுவ.

— தெரியும்க்கா.

— பக்கத்து ரூம் பையனுக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. கண்ணு சிவந்து, உதடு வெடிச்சுக் கிடக்கான். இதை இன்னைக்கே ஏத்தலேன்னா அவன் இதயத்து ரத்தக்குழாய் கெட்டுப்போகும்னு எழுதிக் கொடுத்தது யாரு?

— நான்தான்.

— இருக்கிற மருந்து அவனுக்கு மட்டும்தான் காணும். கையை எடு கண்ணு.

— எல்லாம் தெரியும்க்கா. ஆனா சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க முடியல. நீ நர்சா இருந்தாலும் அவளுக்கு அத்தை. எப்படித்தான் கல்லு மாதிரி நிக்கிறியோ.

— கல்லா? நேத்து சாயங்காலம் இதே பாட்டிலை முந்தானையில மறைச்சு எடுத்துக்கிட்டு உன் மக ரூமுக்குப் போனவடா நான்.

— நீயா? போயி?

— உன் பொண்டாட்டி வாசல்லயே மறிச்சிட்டா. 'வேணாம் அண்ணி, உங்க தம்பியே தேவையில்லைன்னு சொல்லிட்டார், அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு'னு சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிட்டா.