மேல்மாடி வால்வு

சுடுநீர்க் குழாயைத் தொட்டுப் பார்க்கும்போது எல்லோரும் உள்ளங்கையை வைக்கிறார்கள். புறங்கையை வைக்க வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரத்துப்போயிருக்கும், புறங்கைக்குத்தான் சரியான சூடு தெரியும். லோர்னா அன்றைக்கு உள்ளங்கையைத்தான் வைத்தாள். "அப்பாடா, சூடு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி போட மேலே போனாள்.

விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் அந்த வியாழக்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஐயா.

லோர்னா பிங்கம் கீழ்மாடியில் இருக்கிறாள். மேல்மாடியில் அவள் அப்பா எல்வின் பிங்கம். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கனத்த உடம்பு. அந்தக் குறுகல் படிக்கட்டில் அவரை இறக்க நாலு ஆள் வேண்டும். மேல்மாடி சூடாகவில்லை என்று லோர்னா எங்கள் பாய்லர் கம்பெனிக்குப் போன் போட்டாள். என்னை அனுப்பினார்கள்.

அந்த வீடுகளில் நிலவறையில் ஒரு பாய்லர் இருக்கும். அது காய்ச்சுகிற தண்ணீர் மாடிக்கொரு குழாயில் போகும், குழாய்க்கொரு வால்வு. அறை குளிர்ந்தால் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் வால்வுக்குச் சொல்லும். வால்வின் தலையில் இருக்கும் சின்ன மோட்டார் சுற்றி வழியைத் திறக்கும். திறந்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் தட்டி, பாய்லரை எரியச் சொல்லும். மேல்மாடி வால்வில் மோட்டார் செத்திருந்தது. பக்கவாட்டில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நெம்புகோல் உண்டு. தள்ளிப் பார்த்தேன், விறைப்பாக எதிர்த்தது. மோட்டார் வேலை செய்துகொண்டிருந்தால் தொளதொளவென்று வரும். வேறு சோதனையே வேண்டாம். புது மோட்டார் வண்டியில் இருந்தது. மாட்டப் பத்து நிமிஷம்.

அந்த நெம்புகோலைத் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிட்டால் வழி திறந்தே இருக்கும். அவசரத்துக்கு அப்படிச் செய்வோம். ஆனால் கையால் திறந்தால் உள்சுவிட்ச் தட்டாது, பாய்லருக்குச் சேதி போகாது. கீழ்மாடி கேட்டுப் பாய்லர் எரியும்போது மேல்மாடிக்கும் பங்கு கிடைக்கும். கீழ்மாடி கேட்காவிட்டால், மேல்மாடி எவ்வளவு குளிர்ந்தாலும் பாய்லர் சும்மா கிடக்கும்.

கொக்கியில் மாட்டினது காபிக்கு முன்னாலா பின்னாலா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். முன்னால். காபி குடிக்கும்போதுதான் லோர்னா சொன்னாள், மகளுக்குப் பிரசவம், வெள்ளிக்கிழமை பாங்கர் ஊருக்குப் போகிறாள், வர நாலு நாள் ஆகும். பக்கத்து வீட்டுத் திருமதி ஹாஸ்கெல் காலையும் சாயங்காலமும் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். கீழே தெர்மோஸ்டாட்டை அடியோடு தணித்துவிட்டுப் போவாளாம், குழாய் உறையாத அளவுக்கு மட்டும் வைத்து. "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு எண்ணெய எரிக்கணும்?" என்றாள். எங்கள் ஆரூஸ்டுக் பக்கத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான்.

திரும்ப நிலவறைக்கு இறங்கினேன். மோட்டாரை மாட்டத்தான் இறங்கினேன். மாட்டவில்லை. அட்டையை எடுத்தேன்.

ஒவ்வொரு பாய்லரிலும் ஒரு அட்டை கம்பியில் தொங்கும். போகிறவன் தேதி போட்டு, செய்த வேலையை எழுதி, கீழே பெயர் போட வேண்டும். அடுத்து வருகிறவன் அதை நம்பி வேலையைத் தொடங்குவான். அட்டையில் சோதித்தேன் என்று இருப்பதை மறுபடி சோதிப்பது, எழுதினவனை மூஞ்சிக்கு நேரே பொய்யன் என்று சொல்வது மாதிரி. எங்களில் யாரும் செய்ய மாட்டோம். நான் எழுதினேன்: மேல்மாடி வால்வு, மோட்டார் புதிது, சோதித்தேன். லூசியன் டுபே.

நல்ல எழுத்து. நாற்பத்தேழு வயசில் நூலகத்து வகுப்பில் கற்றது. எட்டு வயசில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போனவன் நான், பள்ளிக்கூடம் திரும்பவில்லை. கம்பெனியில் சேர்ந்த காலத்தில் அட்டையில் படம் போடுவேன். பம்புக்கு வட்டம், வால்வுக்கு முக்கோணம். எல்வின் பிங்கம்தான் எங்கள் ஃபோர்மேன். இருபத்திரண்டு வருஷம். காலையில் எல்லாரும் காபிக்கு நிற்கும்போது என் அட்டைகளை எடுத்துவந்து காட்டுவார். "டேய் லூசியன், இதுல எது நீ, எது மாடு?" என்பார். சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் சீட்டு. சாமான் கடைக்கு என்னிடம் ஒரு சீட்டை மடித்துக் கொடுத்தனுப்புவார். கொடுத்தால் கவுண்ட்டரில் இருப்பவன் படித்துவிட்டு, இரு, வரும் என்பான். அரைமணி நேரம் நிற்பேன். கடைசியில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு பைப்பைக் கையில் வைப்பான். இரண்டு குளிர்காலம் அப்படி நின்றேன். வகுப்புக்குப் போன பிறகு, பழைய கோட்டுப் பையில் ஒரு சீட்டு அகப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இவனுக்குப் படிக்கத் தெரியாது. அரைமணி நேரம் நிற்க வை."

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை லோர்னா கிளம்பினாள். அன்றைக்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. சனிக்கிழமை காலையில் திருமதி ஹாஸ்கெல் மேலே போனால் அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்திருக்கிறது. கம்பெனிக்குச் சொன்னார். டாரில் போனான். சின்ன வயசு, வேலையில் கெட்டிக்காரன். அட்டையைப் படித்தான், வால்வைத் தொடவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினான், குழாயில் இருந்த காற்றை எடுத்தான். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கக் கீழ்மாடித் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்திருக்கிறான். உடனே பாய்லர் எரிந்து மேல்மாடிக்கும் சூடு போயிருக்கிறது. ஆனாலும் அவனுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அங்கிருந்தே எனக்குப் போன் போட்டான்.

"லூசியன், அந்த மேல்மாடி மோட்டாரு நீங்க மாத்தினதுதானே?"

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"மாத்தினதாத்தான் போட்டிருக்கு. இல்ல, ஒரு தடவை நெம்புகோலத் தள்ளிப் பாக்கலாமான்னு..."

"பாரேன். நான் எழுதினதுல நம்பிக்கையில்லன்னா பாரு."

"ஐயோ, அப்படிச் சொல்லல" என்றான். போனை வைத்துவிட்டான். கீழ்மாடியைப் பழையபடி தணித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவன்மேல் குற்றம் எதுவும் எழுதாதீர்கள். அவன் முறைப்படி நடந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன். திருமதி ஹாஸ்கெல் சர்ச்சில் இருந்தார். சமையலறைக் கதவை அங்கே யாரும் பூட்டுவதில்லை. நிலவறைக்குப் போகவில்லை, நேரே மேலே போனேன்.

நாலு கம்பளிக்குக் கீழே படுத்திருந்தார். மூச்சு வெள்ளையாக வந்தது. டாரில் போனபின் அறை மறுபடி குளிர்ந்ததால், கட்டில் பக்கத்தில் திருமதி ஹாஸ்கெல் தன் வீட்டு மின்கணப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வயரைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. அறுபது வருஷத்து வயரிங், அது இழுக்கிற கரண்டைத் தாங்காது, தீப்பிடிக்கும். படுக்கையில் கிடக்கிற ஆள் இருக்கும் அறையில் அப்படி விட்டுவிட்டு வரக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிடுங்கினேன். வயரைச் சுற்றி, கணப்பைக் கீழே எடுத்துவந்து சமையலறை மூலையில் வைக்கலாம் என்று கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்தது. இடது கையைக் கம்பளிக்கு வெளியே எடுத்து, கட்டில் கம்பியில் கட்டியிருந்த நோட்டை இழுத்தார். பேச்சுப் போனதிலிருந்து அதில்தான் எழுதுவாராம். பென்சில் இரண்டு தடவை நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். எழுதி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்றேன். அவசரப்படுத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. தாளைக் கிழித்து நீட்டினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கணப்போடு இறங்கினேன்.

சாயங்காலம் திருமதி ஹாஸ்கெல் சூப்போடு போனபோது உயிர் போயிருந்தது.

நீங்கள் என் மேசையில் எடுத்த தாள் அதுதான். வண்டியில் உட்கார்ந்துதான் படித்தேன். கோணல்மாணல் எழுத்து, ஆனால் எனக்கு அது கஷ்டமில்லை. "குளிருது" என்று மட்டும் இருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெற்றுத் தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. வண்டியை உடனே எடுக்கவில்லை. புது மோட்டார் பக்கத்து ஸீட்டில்தான் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் திரும்பப் போய் மாட்டியிருப்பேன். பிழைக்கிறதும் பிழைக்காததும் அவர் கையில்தான் இருந்தது, ஐயா. நான் அவருக்குப் பென்சிலைக்கூட எடுத்துக் கொடுத்தேன்.