மணி கட்டிய பிறகு கேட்டது

இரவு பதினொன்றரை. கீழப்பழுவூர் தாண்டியாகிவிட்டது. திருமானூர் ரோட்டில் ஒரே ஒரு மாட்டுவண்டி. முன்னால் மிக்கேல். பின்னால் வைக்கோல் மேல், பழைய போர்வை மூடி... ஆள் நீளத்துக்கு ஓர் உடம்பு.

இருடா வைரக்கண்ணு, கதை ஆரம்பிப்பதற்குள் பயந்து என்னோடு ஒட்டி உட்காராதே. அது மரத்தில் செய்த சிலை. ஆண்டவர் சுரூபம். தோள்பட்டை பிய்ந்துபோய், அரியலூர் ஆசாரியிடம் சரி பண்ணிக்கொண்டு திரும்புகிறார். நடந்தது யுத்த காலம், நாற்பத்தைந்தில், பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் அன்று. என்னோடு வேப்பந்தட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஞானமுத்து வாத்தியார் சொன்னது. மிக்கேல் அவருடைய பெரியப்பா. ஏலாக்குறிச்சி பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் மணியடிக்கிற வேலை.

அந்தச் சுரூபம் மணிலாவில் செதுக்கியது. ஸ்பானியர்கள் அந்த ஊரை ஆண்ட காலத்தில் கப்பலேறி வந்ததாம். இப்போது உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறீர்களே, மணிலாக்கொட்டை, அந்தப் பேரில் இருக்கிற மணிலாதான். ஸ்பானியர்களுக்கு ஆண்டவர் செத்துக் கிடந்தால் பிணமாகவே தெரிய வேண்டும். கண்ணாடிக் கண். நிஜத் தலைமுடி. தோளில் தோல் வைத்துத் தைத்திருக்கும், கையை மடக்கலாம். பெரிய வெள்ளியன்று சிலுவையில் அறைந்து, சாயந்தரம் இறக்கி, பெட்டியில் கிடத்துவார்கள்.

அதோடு ஒரு வழக்கமும் மிக்கேல் ஊரில் இருந்தது. பெரிய வியாழன் காலையில் கோயில் மணியை அடிக்காதபடி கட்டிவிடுவார்கள். சனிக்கிழமைதான் மறுபடி அடிக்கும். இடையில் செபம் சொல்லலாம், அழலாம். ஆனால் யாரும் எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது. மணி கட்டியாகிவிட்டால் ஆண்டவர் செத்துக் கிடக்கிறார் என்று கணக்கு. அந்த நேரத்தில் வேண்டினால் வேறு எது காதுகொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வருஷா வருஷம் இதை ஊருக்கு எடுத்துச் சொல்கிறவரே மிக்கேல்தான். மனுஷன் அன்றைக்கு மறந்துவிட்டார்.

அவருக்கு ஒரே மகன், சந்தியாகு. பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவன். ஒன்பது மாதமாகக் கடிதம் இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னால் அந்தப் புதுத் தோல் முனகியது. நிலா வெளிச்சம். போர்வை விலகி, ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது. அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை அவருக்கு.

"ஆண்டவரே... எம் மவன் எப்படி இருந்தாலும் சரி. வூடு வந்து சேரட்டும்."

சொன்ன பிறகுதான் மணி கட்டியது ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. அப்புறம்... சரக். சரக். ஜல்லியில் பூட்ஸ் கால். வண்டிக்குப் பின்னாலேயே. மாடுகள் நின்றுவிட்டன. ஈரத் துணியும் மக்கிப்போன இலையும் சேர்ந்த வாடை. பங்குனி மாதம், சொட்டு மழை கிடையாது.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. நுகத்தடி மாடுகளின் கழுத்தைவிட்டு மேலே எழும்பியது. பாரம் ஏறினால் அப்படித்தான் எழும்பும். யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"சந்தியாகு?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத் தட்டினார். மாடுகள் நடந்தன.

மூன்று மணிக்குக் கோயில். நாலு பேர் வந்து சுரூபத்தை இறக்கினார்கள். வண்டியில் வேறு யாருமில்லை. மிக்கேலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வீட்டுக்குப் போனார். வாசலில் அவர் மனைவி விண்ணரசி, உதட்டில் விரலை வைத்தபடி.

"மெல்ல வாங்க. சந்தியாகு வந்து படுத்திருக்கான்."

"எப்ப வந்தான்?"

"என்ன கேக்குறீங்க? உங்க வண்டியிலதான வந்தான்?"

உள் அறையில் சுவரைப் பார்த்தபடி ஒரு உருவம். கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தது. அதே வாடை. மிக்கேல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். மகன் வந்துவிட்டான் என்ற சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை.

சனிக்கிழமை மணி அடித்தது. அது போகவில்லை. திரும்பிப் படுக்கவும் இல்லை. விண்ணரசி தினமும் சோறு வைப்பார், வைத்தது வைத்தபடி இருக்கும், எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால், பையனுக்குக் காய்ச்சல்.

இருபது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஞானமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் பிரித்தார். சந்தியாகுவின் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. கல்கத்தா ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தான். காலில் குண்டடி, இப்போது ஆறிவிட்டது, அடுத்த மாதம் லீவில் வருகிறேன், அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஞானமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உரக்கப் படித்தார். விண்ணரசி பாய்ந்து வந்து அவர் வாயை மூடினார்.

"சத்தமா படிக்காத ஞானம். உள்ள காதுல விழும்."

சாத்தியிருந்த கதவை ஞானமுத்து அப்போதுதான் பார்த்தார். மிக்கேல் நடந்ததையெல்லாம் சொன்னார். ஏற்ற இறக்கமே இல்லாமல், யார் வீட்டுச் சங்கதியையோ சொல்கிறமாதிரி. சொல்லி முடித்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார்.

"வர வேணாம்னு எழுது."

"பெரியப்பா! உசுரோட இருக்கான்!"

"அதனாலதான். அவனும் வந்தா, ரெண்டுல எது இங்க தங்கும்னு எனக்குத் தெரியல."

விண்ணரசி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார், சத்தம் வராமல். பெற்ற மகன் உயிரோடிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷமே அவனை வராதே என்று தடுக்க வேண்டியிருக்கிறது. ஞானமுத்து கார்டை வாங்கிக்கொண்டார்.

"ஏன்னு கேப்பானே பெரியப்பா. என்னன்னு எழுத?"

மிக்கேல் கதவைப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"சந்தியாகு வந்துட்டான்னு எழுது."