பனி வெயிலும் நாமமும்

நஞ்சன்கூடு ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஐயங்கார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்காத்துப் பிள்ளையாண்டான் நெத்தியில வடகலை நாமம், ஓய்!" என்றார் குடுமிக்காரர்.

"நீர் தென்கலையாச்சே!" என்று பதறினார் தலைப்பாகைக்காரர்.

"சிநேகிதாளோட காஷ்மீர் போய், கால்ல கட்டையைக் கட்டிண்டு பனியில சறுக்கினான். குளிர்ல இவன் கை விறைச்சுப்போச்சுன்னு, கூடப் போன வடகலைப் பையன்தான் தினம் இட்டுவிட்டானாம். பனி வெயில்ல மூஞ்சி பூரா கறுத்துப்போச்சு. நாமம் இருந்த இடம் மட்டும் வெள்ளையா நிக்கறது."

"அலம்பினா போகாதோ?"

"அலம்ப அலம்பப் பளிச்சுங்கறது. நாளைக்குப் பொண்ணாத்துக்காரா வரா. அவாளும் தென்கலை."

"அது மேலயே நம்ம நாமத்தை இட்டுக்கச் சொல்லும்."

"இட்டுண்டான், ஓய். இப்போ ரெண்டும் தெரியறது."