தீயில் போகாத நோட்டு

என் பெயர் எனிட் பார்ட்லம். வயது அறுபத்தெட்டு. காலஞ்சென்ற ஹியூ பார்ட்லத்தின் மனைவி. வூஸ்டர்ஷர் மாவட்டம் பெர்ஷோர் ஊரில் ஆற்றுப் பாலத்துக்கு அருகே பதினோராம் எண் வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். ஊர் ஊராகப் போகும் ஜிப்சிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாவட்டக் கல்வித்துறை நியமித்த ஆசிரியையாக 1984 முதல் 2009 வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இன்று 2013 மே மாதம் 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மிசெல்லி லாக் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அவளது ஐந்தாம் வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் தாயார் பிரிட்டானியா லாக். தந்தையின் பெயரைப் பதிவுக்காக இந்த ஒரு முறை மட்டும் சொல்கிறேன்: லியாண்டர் லாக். இறந்தவரின் பெயரை அந்தக் குடும்பத்தில் உச்சரிப்பதில்லை. ஆகவே இதன் பிறகு மிசெல்லியின் அப்பா என்றே குறிப்பிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வெள்ளை வேன் கொடுத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தன. பிளம் தோப்புக்குப் பின்னால் இருக்கும் முகாமில் திங்களும் வியாழனும் அதை நிறுத்துவேன். முதல் ஆளாக ஏறுபவள் மிசெல்லி. ஏப்ரலில் அவர்கள் வண்டி வீடுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஆறு மாதப் பாடத்தை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பேன். அவள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் விடைத்தாள்களை அஞ்சலில் அனுப்புவாள். குதிரைச் சந்தைக்குப் போன வாரமென்றால் தாள்களுக்கு நடுவே குதிரை முடி இருக்கும். செர்ரி பறித்த வாரமென்றால் கணக்கு முழுவதும் சிவப்பு விரல் தடங்களாக இருக்கும். அந்த உறையைப் பிரிப்பது போல ஒரு சந்தோஷம் ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு 2012 ஜூலை மாதம் மிசெல்லி என் வீட்டுக்கு வந்து, பிரசவம் பார்க்கும் செவிலியர் படிப்பில் சேர விரும்புவதாகவும், அதற்கு முன் கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னாள். பயணக் குடும்பங்களின் கல்விக்கு நிதியுதவி செய்யும் ஓர் அறக்கட்டளைக்கு இருவரும் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். செப்டம்பரில் அவளுக்கு முதலாண்டுக் கட்டணமும், புத்தகங்களும், ஒரு மடிக்கணினியும் கிடைத்தன.

அதே ஆண்டு நவம்பர் கடைசியில் மிசெல்லியின் அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாசல் கதவில் மாட்டும் ஹாலி இலை வளையம் கொண்டு வந்து கொடுப்பது அவர் வழக்கம். அந்த முறை வளையத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு நின்றார். "மிஸ், ஒண்ணு கேக்கணும். சிரிச்சீங்கன்னா வளையத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன்" என்றார். மகளுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வருவதாகவும், தான் அதைப் பிரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், ஐம்பத்திரண்டு வயதில் எழுத்து படிய வருமா என்றும் கேட்டார். நான் சிரிக்கவில்லை. தம்பிகளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டார். "தெரிஞ்சா பெரின் என்னைப் பேராசிரியர்னே கூப்பிடுவான், சாகற வரைக்கும் விட மாட்டான்" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். மிசெல்லியும் கொடுத்தாள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் பகல் இரண்டு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். மற்ற நாட்களில் தன் வண்டி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மிசெல்லியின் மடிக்கணினியில் எழுத்துப் பாடம் பழகினார். தன் கல்லூரி வேலையை அவள் கல்லூரி நூலகத்திலேயே முடித்துவிட்டு வந்து மாலையில் அதை அவர் கையில் கொடுத்துவிடுவாள். மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல் அவருக்கு. ஒரு விசையை அழுத்தினால் மூன்று எழுத்து விழும். "இது உங்க ரம்பம் இல்லப்பா, மெதுவா" என்று மகள் சொல்வாளாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றன்று படித்ததை நான் கொடுத்த நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதுவார். அந்த நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கும்.

பிப்ரவரி 12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கடைசியாக வந்தார். 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் மரத்தடியில் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். 25-ஆம் தேதி அடக்கம் நடந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை பகல் முகாமுக்குப் பின்னால் உள்ள வயலில் அவருடைய வண்டி வீட்டை எரித்தார்கள். நான் அங்கே இருந்தேன்.

அந்த வழக்கத்தைக் காவலருக்குப் புரியவைக்க ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் முகாமுக்குப் போகத் தொடங்கிய புதிதில், என் கையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கிறதே என்று பிரிட்டானியாவின் வீட்டில் ஒரு பாத்திரத்தில் கை கழுவிவிட்டேன். அது கோப்பை கழுவும் பாத்திரம். கை கழுவுவது வேறு. பிரிட்டானியா என்னை உட்காரச் சொன்னார். எனக்குத் தேநீர் கொடுத்தார், கேக் கொடுத்தார். நான் திரும்பும்போது அந்தப் பாத்திரம், புத்தம் புதியது, குப்பையில் கிடந்தது. ஒரு பொருள் யாருடையது, எதற்குரியது என்பதைக் கடை ரசீது முடிவு செய்வதில்லை. எந்தக் கை அதைத் தொட்டுப் புழங்கியது என்பதே முடிவு செய்கிறது. எல்லாக் குடும்பங்களும் இன்று இப்படி இல்லை. லாக் குடும்பம் இப்படித்தான். இறந்தவர் புழங்கியதை வைத்துக்கொள்வதும் விற்பதும் அவரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதற்குச் சமம்.

அன்று முதலில் அவருடைய பீங்கான்களை உடைத்தார்கள். அதன் பிறகு நாற்காலி, பூட்ஸ், ரம்பத்தின் கைப்பிடி எல்லாவற்றையும் வண்டி வீட்டுக்குள் வைத்தார்கள். அதன் பிறகு மிசெல்லி அந்த மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தாள். அதை அவர் படுக்கையின் மேல் வைத்தாள். அவளுடைய சித்தப்பா பெரின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அது உன் படிப்புக்குக் குடுத்ததாச்சே, புள்ள?"

"இல்ல சித்தப்பா. என்னோடது இல்ல."

பெரின் வாசலிலிருந்து விலகி அவளுக்கு வழி விட்டார். தீ வைத்தது அவர்தான். தீ வைக்கும் முன்பு பிரிட்டானியா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடமும் வந்து, "அவரோடது எதாச்சும் உங்க வீட்டுல இருக்கா மிஸ்?" என்றார். நான் "இல்லை" என்றேன்.

அதன் பிறகு ஏப்ரலில் அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, கொடுத்த பொருட்களைக் காட்டச் சொன்னபோது, புத்தகங்களை எடுத்துக் காட்டிய மிசெல்லி மடிக்கணினியைக் காட்ட முடியாமல் "இப்ப இல்லை" என்று மட்டும் சொன்னாள் என்றும், சித்தப்பாக்கள் சுற்றி நிற்கும்போது எதற்காக அது அப்பாவுடையதாயிற்று என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும் என்றும் பிரிட்டானியா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். விற்றுவிட்டாள் என்று அறக்கட்டளை புகார் கொடுத்து, இரண்டாமாண்டு உதவியையும் நிறுத்தி வைத்திருக்கிறது. இந்தக் காவல் நிலையத்திலும் பெரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் வாய் திறக்கவில்லை என்று அறிகிறேன். அவள் மேல் மோசடி என்று ஒரு வரி பதிவானாலும் எந்த மருத்துவமனையும் அவளைப் பிரசவ அறைக்குள் விடாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். நானும் அதே வாக்கைக் கொடுத்தவள். இன்று அதை மீறுகிறேன். அவர் இருந்தால் வளையத்தைத் திருப்பிக் கேட்பார்.

நான் சொல்வதற்குச் சாட்சி என்ன என்று காவலர் கேட்டார். அந்த நீல அட்டை நோட்டை இப்போது மேஜை மேல் வைத்திருக்கிறேன். பிரிட்டானியாவிடம் நான் சொன்னது பொய். முகாமுக்குக் கிளம்பும்போதே இது என் இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாணவர்களின் நோட்டை நான் எந்தக் காலத்திலும் தூக்கிப் போட்டதில்லை. பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள், நோட்டு இருக்கும். இதையும் அப்படி நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பகல் இரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழக்கத்தை முப்பது வருடம் பக்கத்திலிருந்து பார்த்த நான், அவர்களில் யாரும் செய்யாததைச் செய்திருக்கிறேன்.

மொத்தம் பதினான்கு பக்கங்கள். டிசம்பர் 11-ஆம் தேதிப் பக்கத்தில், "மிசெல்லி கம்ப்யூட்டர் தந்தாள். ராத்திரி என்னிடம், பகலில் அவளிடம்" என்று எழுதியிருக்கிறார். ஜனவரி 22-ஆம் தேதிப் பக்கத்தில், "இப்போது அது என்னுடையது மாதிரி. அவள் கோபப்படவில்லை" என்று இருக்கிறது. பிப்ரவரி 12-ஆம் தேதி, கல்லூரிக் கடிதத்தை வரி மாறாமல் பார்த்து எழுதி, அதன் கீழே, "இது என் மகளுக்கு வந்தது. யாரும் சொல்லித் தராமல் நான் படித்தேன்" என்று எழுதியிருக்கிறார். இந்த மூன்றையும் காவலர் என் முன்னால் படித்துப் பார்த்து இங்கே பதிவு செய்துகொண்டார்.

நோட்டை நகல் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விசாரணை முடிந்ததும் அதை எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். சொல்லியனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வாங்கிய அன்றே முகாமுக்குப் போய், பெரினும் மற்றவர்களும் இல்லாத நேரமாகப் பார்த்து, பிரிட்டானியாவின் கையில் கொடுப்பேன். அன்று "இல்லை" என்று சொன்னதையும் சொல்வேன். என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். தீப்பெட்டி அவர்கள் வீட்டில் இருக்கும்.

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என் வாயால் நான் சொன்னது. எழுதியதைக் காவலர் படித்துக் காட்டக் கேட்டேன், இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய்யும் மேலே எழுதப்பட்டுவிட்டது. மற்றவை உண்மை.

(ஒப்பம்) எனிட் பார்ட்லம்